பொட்டு வைத்த டேப்ரெக்கார்டர்

எண்பதுகளின் நடுவில், குற்றாலத்தில் சீசன் தொடங்கி, தென்காசி வரை சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துபாயில் இருந்த கணவர் வாங்கி அனுப்பியது. அவளுக்குக் கடிதம் எழுத வராது. குரலைப் பதிந்து அனுப்பச் சொல்லியிருந்தார். முதலில் அனுப்பிய கேசட்டில் ஒரு சத்தமும் இல்லையாம். அன்று மத்தியானம் ஊர்க்காரர் ஒருவர் துபாய்க்குப் புறப்படுகிறார். அவரிடம் கொடுக்காவிட்டால் பெருநாளுக்குள் அவள் குரல் போய்ச் சேராது.

"அக்கா, நீங்க எத்தன பேருக்கு டைப்பு சொல்லிக் குடுக்கிய. எனக்கு இதச் சொல்லித் தாங்க."

தட்டச்சு கற்றுக்கொடுப்பது என் தொழில். எதையும் விரல் விரலாகப் பிரித்துச் சொல்வது பழக்கம். முதலில் அவளையே செய்யச் சொல்லிப் பார்த்தேன். சிவப்புப் பொத்தானை மட்டும் அமுக்கினாள். பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினால்தான் பதியும். அதில் எழுதியிருந்த ஆங்கிலம் அவளுக்குப் பயன்படவில்லை. என் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒன்றில் ஒட்டினேன். பொட்டு அட்டையிலிருந்து இன்னொன்றை எடுத்து மற்றதில் ஒட்டினேன்.

"பொட்டு ரெண்டையும் சேத்து அமுக்கு."

உடனே பிடித்துக்கொண்டாள். கேசட் சுற்றியது. சலாம் சொன்னாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

"என்னட்டி, பேசு."

"எதுத்தாப்புல ஆளில்லாம என்னத்தப் பேச? பெட்டிகூடயா குடும்பம் நடத்துதேன்?"

பொத்தானைச் சொல்லிக்கொடுத்த நான், அவள் எப்படிப் பேசுவாள் என்று யோசிக்கவில்லை. அவள் பேச்சைத் தினமும் சுவர் வழியாகக் கேட்பவள் நான். கையில் வேலை ஓடும்போதுதான் வாயும் ஓடும். அவள் வீட்டுக்கே போய், பெட்டியை அடுப்படி ஜன்னலில் வைத்தேன். பொட்டுகளை அமுக்கச் சொன்னேன்.

"இப்ப நீ ஆணத்த வையி. அவுக முற்றத்துல நிக்கதா நெனச்சுக்கோ."

குழம்புக்குப் புளி கரைக்கும்போது ஆரம்பித்தாள். மகளுக்குப் பல் விழுந்தது, ஓடு ஒழுகுவது, என் பொட்டைப் பெட்டிக்கு வைத்தது எல்லாம் வந்தன. பிறகு திடீரென்று கரண்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள்.

"ஏ மூதி, விடு! மச்சான் சட்ட!"

தாழ்வாரக் கொடியில் கிடந்த கணவரின் சட்டையை ஆடு மென்றுகொண்டிருந்தது. அவள் கத்தல், ஆட்டின் கத்தல், மகளின் சிரிப்பு, சாரல் எல்லாம் பதிந்துவிட்டன.

"அழிச்சிருங்கக்கா, மானம் போயிரும்."

அதற்குள் ஊர்க்காரர் வாசலில் வந்து நின்றுவிட்டார். கேசட் அப்படியே போனது.

பெருநாள் கழிந்து பதில் கேசட் வந்தது. கேட்பதற்கு என்னையும் கூப்பிட்டாள்.

"ஏட்டி, ஆடு சட்டைய விட்டுச்சா, இல்லையா?" என்றது கணவரின் குரல். பின்னால் அவர் அறையில் கூட இருப்பவர்களின் சிரிப்பு. அது அடங்கியதும் குரல் தாழ்ந்தது. "நான் இங்கன கெடக்கேன். அந்தச் சட்டைய எதுக்குத் தொவச்சுப் போட்ட?"

அவள் பெட்டியைப் பார்த்துச் சட்டென்று சொன்னாள்: "மழைக்குப் பூசணம் புடிச்சிரும்லா. வந்தா எதப் போடுவிய?"

எதிரில் ஆளில்லை என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. இன்றும் யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால், எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று சொல்வதற்கு முன், அவர்கள் யாரிடம் என்ன சொல்ல வந்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.