பின்கண்ணாடியில் தெரிந்த அப்பா

மூன்றாம் வகுப்போடு நின்று, நான்கு பள்ளி வேன் வாங்கி, இன்றும் ஒன்றை நானே ஓட்டுகிறவன் நான். இருங்காட்டுக்கோட்டையில் வேலை செய்த தெற்கத்திக்காரர் ஒருவர், நைட் ஷிப்ட் முடித்துச் சிவந்த கண்களோடு தினமும் என் வேனுக்குப் பின்னாலேயே பைக்கில் வருவார். வாந்தி வந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் அவர் மகள், பின்கண்ணாடி வழியே அவரைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வருவாள்.

"கொயந்த நடிக்குதுபா. நீ வராட்டி சரியாப்பூடும்" என்றேன் ஒருநாள் அவரிடம்.

"பயத்துல வந்தாலும் வயித்துவலி நெசந்தான் அண்ணாச்சி."

மறுநாள் வேண்டுமென்றே ஒரு சந்தில் திருப்பி அவரைத் தவறவிட்டேன். பள்ளி வாசலில் குழந்தை இறங்கவில்லை. கண்ணாடியை விட்டு முகத்தை எடுக்கவும் இல்லை.

பதறி வந்து சேர்ந்தவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவளிடம், "வேன் தாத்தா சரியாத்தான் வந்தாவ. அப்பாதான் வழி தப்பிட்டேன்மா" என்றார்.

யாரையும் முகத்துக்கு நேராகக் கேட்கிறவன் நான். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவரிடம் மட்டும் கேட்க முடியவில்லை.