டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் நடுவே ஒரு துண்டு நூல்

அக்கா கல்யாணமாகி ரங்கூனிலிருந்து டர்பனுக்குக் கப்பலேறிய பிறகு, எனக்கும் ஆப்பிரிக்காவிலிருந்தே ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஜோகன்னஸ்பர்க்கில் கடை. எங்கள் ஊரிலேயே இருந்த அவருடைய சித்தப்பா வந்து கேட்டபோது, அக்கா பக்கத்தில் இருக்கலாம் என்ற ஒரே ஆசையில் நான் தலையாட்டிவிட்டேன். அப்பா அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார். எங்கள் சனத்தில் அதைத் திருப்பித் தருவது பெரிய மானக்கேடு.

அப்பாவுக்கு அப்போது ஆகாய விமானப் பைத்தியம். பந்தய மைதானத்தில் ஒன்று வந்து இறங்கியதைப் பார்த்ததிலிருந்து, அவர் வேலை பார்த்த போட்டாதாங் ஜெட்டியில் நிற்கும் கப்பல்களெல்லாம் அவருக்குக் கட்டை வண்டியாகிவிட்டன. டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் நடுவே விமானம் விடுகிறார்கள் என்று பேப்பரில் படித்தவர் சும்மா இருப்பாரா? என் பள்ளிக்கூட அட்லஸை விரித்தார். அம்மா பூக்கட்டிக்கொண்டிருந்த நூலில் ஒரு துண்டு அறுத்து, ஆப்பிரிக்கா பக்கத்தில் அந்த இரண்டு ஊருக்கும் நடுவே பிடித்து அளந்தார். அதே நூலை பர்மா பக்கத்தில் ரங்கூன்மேல் வைத்தார். நுனி பக்கத்து ஊரான பெகுவைத் தொட்டது.

"இதோ இருக்கிற பெகு தூரந்தான்! விமானத்துல ஏறினா, உலையில போட்ட சோறு வேகறதுக்குள்ள அக்கா வீட்டுல நிப்பே!"

எனக்கு வாயெல்லாம் பல். அம்மா மட்டும் இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் புரட்டினாள்.

"ஏங்க, அவ்வளவு பெரிய ஆப்பிரிக்காவும் ஒரு பக்கம், நம்ம பர்மாவும் ஒரு பக்கமா? அப்ப அதை எவ்வளவு சுருக்கிப் போட்டிருப்பான்?"

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. பக்கத்தின் அடியில் இருந்த மைல் அளவைப் பார்த்து மறுபடி கணக்குப் போட்டார். தூரம் பெகுவைத் தாண்டி மாந்தலே வரைக்கும் போய்விட்டது.

"இருக்கட்டுமே, விமானத்துக்கு அது அரை நாள்கூட இல்ல" என்று சமாளித்தார்.

"மாந்தலேக்கு இங்கேருந்து ரயிலே போகுது. ஒரு தடவையாவது போயிருக்கோமா? அந்த விமானத்துல தபாலும் துரைமாரும் போவாங்க. இவ எப்ப ஏறுவா?"

அப்பா அட்லஸை மூடிவைத்தார். பிறகு என்னிடம், "நீ தலையாட்டினது அந்த மாப்பிள்ளைக்காகவா, அக்காவுக்காகவாம்மா?" என்றார்.

"அக்காவுக்காகத்தான்" என்று சொல்லிவிட்டு அழுதேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர், கியாக்டடா பேட்டையில் அந்தச் சித்தப்பா வீட்டு வாசலில் நின்று, நாலு பேர் பார்க்க வெற்றிலை பாக்கைத் திருப்பிக் கொடுத்தார். சொன்ன சொல் மாறாத மனுஷன், எனக்காக அத்தனை ஏச்சையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கு ரங்கூனிலேயே கல்யாணமாகி, என் பிள்ளைகள் அவர் மடியில்தான் வளர்ந்தார்கள். நான் பட்ட நன்றிக்கடனில் பெரியது இதுதான்.

அன்று அவர் திரும்பி வந்ததும் அம்மா மெதுவாகக் கேட்டாள்: "ரொம்பப் பேசிட்டாங்களா?"

"பேசட்டும். ஒருத்தி முகத்தைப் பாக்க முடியாமப் பண்ணிக்கிட்டேன். இன்னொருத்தியையுமா?"