மூக்குக் குடும்பத்துச் சொற்கள்

ஒரு மொழியின் இலக்கணம் கைவசம் இல்லாத ஒருவர், அதன் ஓசையை மட்டும் பிடித்துக்கொண்டு அதற்குள் நுழைந்துவிட முடியுமா? பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தபோது இக்கேள்வியைப் பலர் ஆராய்ந்திருப்பதை அறிந்தேன். ஆனால் அதை முதலில் என் முன் வைத்தவர், போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களை அழைத்துவந்த என் அம்மா.

கொழும்பு வெள்ளவத்தையில், கடலோரத் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு லொட்ஜின் மேல்மாடியில் எங்கள் அறை. ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடிகள் "கிடுகிடு" என்று நடுங்கும். உப்புக்காற்றில் துணிகள் ஒருநாளும் முழுதாக உலராது. அப்பா வேலையை விட்டு வர முடியாமல் ஊரிலேயே நின்றுவிட, அம்மாவும் நானும் தம்பியும் மட்டுமே இருந்தோம். லொட்ஜைச் சோதனையிட வரும் பொலிஸார் ஒவ்வொரு முறையும் சிங்களத்தில் "மொகடத கொழும்பட்ட ஆவே?" என்று கேட்பார்கள். எதற்காகக் கொழும்புக்கு வந்தீர்கள் என்ற அக்கேள்விக்குத் தகுந்த காரணம் சொல்லாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் லொட்ஜ் முழுவதும் பரவியிருந்தது. எங்களுக்குக் காரணமாக ஒரு வேலை வேண்டியிருந்தது. பம்பலப்பிட்டியில் ஒரு பாலர் பாடசாலைக்கு ஆங்கிலத்தில் கதை சொல்லும் ஆசிரியை தேவை என்று கேள்விப்பட்டதும், ஊரில் தமிழ் படிப்பித்த அம்மா, என் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவின் முறை விசித்திரமானது. பொருளைப் பார்க்குமுன் சொல்லைக் கண்மூடி, வாய் நிறையச் சொல்லிப் பார்ப்பார். பிறகு அந்த ஓசைக்கு உறவான வேறு சொற்களைத் தேடுவார். "ஸ்லிப்", "ஸ்லைட்", "ஸ்லைம்" மூன்றையும் "வழவழ" என்ற ஒரே அறையில் குடியேற்றினார். "கிளிட்டர்", "கிளீம்", "குளோ" எல்லாம் "மினுமினு". "ஸ்நிஃப்", "ஸ்நோர்", "ஸ்நீஸ்" வந்தபோது அவருடைய முகமே மலர்ந்தது.

"பிள்ளை, சொல்லிப் பார். மூக்காலதானே வருது? இது மூக்குக் குடும்பம்!"

கனடா விசாவுக்காகக் காத்திருந்த பக்கத்து அறை ரவி அண்ணா வாசலில் நின்று சிரித்தார். "அப்ப ஸ்நேக் என்ன அன்ரி? பாம்புக்கும் தடிமன் பிடிச்சு மூக்கு ஒழுகுதோ?"

"அது தத்தெடுத்த பிள்ளையடா. எந்தக் குடும்பத்தில இல்லை?"

நேர்முகத்துக்குப் போன நாளில் எங்களை விட்டுச்செல்ல ஆளில்லாததால் நானும் தம்பியும் வகுப்பின் பின் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அதிபர் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி; வீட்டிலும் ஆங்கிலமே பேசுபவர் என்று சொன்னார்கள். சான்றிதழ்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "ஒரு கதை சொல்லுங்கோ, பார்ப்பம்" என்றார். முன்னால் சிங்களப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள். இரண்டு பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

அம்மா ஒரு யானைக்குத் தடிமன் பிடிக்க வைத்தார். யானை "ஸ்நிஃப்" என்றது; படுத்து "ஸ்நோர்" விட்டது. அவர் கையைத் தும்பிக்கையாக்கி "ஸ்நீஸ்" என்றதும் வகுப்பே தும்மியது. அழுத பிள்ளைகளும் தும்மினார்கள். அடுத்து மழை பெய்ய வேண்டும். அவ்விடத்தில் மழையின் ஓசைக்கான ஆங்கிலச் சொல் கைவிட்டது. அம்மா ஒரு கணம் திகைத்தார். பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தி, "ரெயின் கேம், சோ!" என்று இறக்கினார். எந்த மொழிப் பிள்ளையும் விளக்கம் கேட்கவில்லை. எல்லோரும் "சோ" என்று கைகளை இறக்கினார்கள்.

"டீச்சர், அது தமிழல்லவா?" என்றார் அதிபர்.

"ஓம் மிஸ். ஆனா மழை எல்லாப் பிள்ளையளிலயும் பெய்ததுதானே?"

அதிபர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தார். "பெய்தது. ஆனா இந்த இங்கிலிஷில பேரன்ட்ஸோட கதைக்க ஏலாது. பின்னேரத்தில கிராமர் வகுப்புக்குப் போவீங்களா?"

"நாளைக்கே போவன்."

ஓசையை நம்பியவரை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. "குளூம்" என்பது இருட்டு என்று அறிந்த நாளில் அம்மாவின் மினுமினுப்பு அறையில் ஒரு விளக்கு அணைந்தது. வினைமுற்றுகளோடு அவர் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். ஆயினும் தாய்மொழியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆங்கிலத்துக்குள் போக வேண்டும் என்று பலர் கூனிக் குறுகிய காலத்தில், அம்மா தமிழ்க் காதோடே நிமிர்ந்து போனார் என்பதில் எனக்குள்ள பெருமை சிறிதன்று.

அந்த லொட்ஜ் இன்று இல்லை. அவ்விடத்தில் தொடர்மாடி எழுந்து நிற்கிறது. பாலர் பாடசாலையும் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அன்று, வேலை கிடைத்தபின் வந்த முதல் சோதனையின்போது, அதே கேள்விக்கு அம்மா "டீச்சர்" என்றார். வந்தவர்கள் தலையசைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்கள். எந்நேரமும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பெட்டிகளைக் கட்டி வைத்துக்கொண்டு தூங்குவதை அதன் பிறகு நாங்கள் விட்டுவிட்டோம்.