நெட்டையனின் நிற்காத லாரி

செய்தி வந்தது குதிரைகளிடம் மதியப் பால் கறக்கும் வேளையில். இந்த மேய்ச்சல் நிலத்தில் ஒரே ஒரு குன்றின்மேல்தான் கைபேசிக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே போயிருந்த பக்கத்துக் கூடாரத்து ஒமுர்சாக், குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து இறங்கி வந்தார். குதிரை இருக்கும்போது அவர் நடக்கிற ஆள் இல்லை. அவர் மலையில் நடந்து வந்து நான் பார்த்தது, அதற்கு முன் ஒரே ஒரு முறைதான்.

"நெட்டையன் போயிட்டான்மா" என்றார். நாரின் நகரத்து ஆஸ்பத்திரியில், காலையில். இதயம்.

நெட்டையன் என் கணவரின் தம்பி. அவனுக்கு அவன் அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை நான் சொல்வதில்லை. புகுந்த வீட்டு ஆண்களின் பெயரை மருமகள் சொல்லக் கூடாது; தானே ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். நான் கல்யாணமாகி வந்த அன்று, என்னைப் பார்க்க ஓடிவந்தவன் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டான். அப்போது வைத்த பெயர். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது.

அவ்வளவு உயரமானவனுக்கு வாய்த்தது மூக்கில்லாத ராணுவ லாரி. சோவியத் காலத்தில் விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்குவதற்காகச் செய்தது. கேபினில் நடுவே என்ஜின் உட்கார்ந்திருக்கும். மிச்ச இடத்தில் மனிதர்கள். கியர் கம்பி ஓட்டுகிறவனின் முழங்கைக்குப் பின்னால் இருக்கும். நெட்டையன் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு இருபக்கமும் துருத்த, கையைப் பின்னால் வளைத்து கியர் போடுவான். பார்க்கிறவர்களுக்கு இடுப்பில் பூச்சி கடித்துவிட்டதோ என்று தோன்றும்.

அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு மே மாதமும் எங்கள் தெருவின் ஐந்து குடும்பங்களைக் கூடாரம், அடுப்பு, ஆட்டுக்குட்டிகளோடு கணவாய் தாண்டி மேலே கொண்டுவந்து சேர்ப்பான். இலையுதிர் காலத்தில் இறக்குவான். அதுதான் அவன் குடும்பம்.

பழைய பெட்ரோல் என்ஜின் கணவாயின் கடைசி வளைவில் எப்போதும் மூச்சுத் திணறும். வேகம் குறைந்ததுமே ஆண்கள் பின்னாலிருந்து குதித்துத் தள்ளுவார்கள். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருஷம் தள்ளியும் நகரவில்லை. இரவு முழுக்கப் பனியில் உட்கார்ந்திருந்தோம். காலையில் ஒமுர்சாக் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"அடுத்த வருஷம் உன் கிழவி கணவாய்ல ஒரு தடவ நின்னாலும் சரி, அதோட முடிஞ்சுது. பக்கத்து ஊர்ல பெரிய சீன லாரி இருக்கு. வாடகைக்குப் பேசிடுவேன்."

"நிக்காதுண்ணே" என்றான் நெட்டையன். அவன் முகத்தை அப்போதுதான் சிரிப்பில்லாமல் பார்த்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவனைக் கொட்டகையை விட்டு வெளியே இழுக்க முடியவில்லை. தலைநகர் பிஷ்கெக்கின் உதிரிபாகச் சந்தையிலிருந்து ஜப்பான் டீசல் என்ஜின் ஒன்றைக் கம்பளத்தில் சுற்றி, மணப்பெண்ணைப் போலக் கொண்டுவந்தான். பழைய கியர்பெட்டியோடு அதை இணைக்கும் தட்டை நாரின் லேத் பட்டறையில் மூன்று முறை கடைய வேண்டியிருந்தது. என்ஜின் உயரம் கூடியதால் கேபினில் இருந்த மூடி மூடவில்லை. என் துணி துவைக்கும் தகரத்தொட்டி ஒரு நாள் காணாமல் போனது. மறுநாள் அது என்ஜின்மேல் கவிழ்ந்து கிடந்தது.

"அண்ணி, அது தொட்டியா இருந்தப்ப ஒழுகிச்சு. இப்பப் பாருங்க, எவ்வளவு பொருத்தம்!"

"உன் அண்ணன் சட்டைய இனி இதுலதான் துவைக்கணுமா?"

"கொண்டாங்க. சூடா இருக்கும், சீக்கிரம் காயும்."

புது என்ஜினுக்கு ஆடு வெட்டினோம். ரத்தத்தை பம்பரில் தொட்டு வைப்பதுதான் வழக்கம். என் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "லாரிக்கு ஏற்கெனவே வச்சாச்சு. வந்திருக்கறது என்ஜின். அதுக்குத்தான் வைக்கணும்" என்று என்ஜின் மேலேயே தாராளமாகப் பூசிவிட்டாள். ஸ்டார்ட் செய்ததும் தெருவெல்லாம் ஈரல் வறுவல் வாசம். நாய்கள் வந்து லாரியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். என்ஜின் இருபத்துநாலு வோல்ட், லாரி பன்னிரண்டு. ஒயரைப் பிரிக்காமல் விட்டால் எரிந்துவிடும் என்று இரண்டு முறை சொன்னேன்.

"அண்ணி, வோல்ட்ட ஸ்கூல் பசங்களுக்குச் சொல்லிக் குடுங்க. இவளுக்கு நான் சொல்லிக்கறேன்."

சொல்லிக்கொண்டான். விளக்குகள் ஒரு கணம் சூரியனைப் போல எரிந்து அணைந்தன. ஹாரன் கழுத்தறுபட்ட வாத்துபோல ஒரு முறை கத்திச் செத்தது. பின்பெட்டியில் இருப்பவர்கள் ஓட்டுநரைக் கூப்பிட ராணுவத்தார் வைத்திருந்த மணியும் அதோடு போனது. விளக்கையும் ஹாரனையும் மாற்றினான். மணிக்கு நேரமில்லை. மே வந்துவிட்டது.

புறப்பட்டோம். கேபினில் அவனும் அவன் அம்மாவும். அவள் மடியில் வீட்டுச் சுவர்க் கடிகாரம். பின்னால் நாங்கள் எல்லோரும், கம்பளிச் சுருள்களின்மேல். சுருள்கள் இரண்டு பக்கமும் பிதுங்கியதில் அவனுடைய பக்கக் கண்ணாடிகளில் கம்பளி மட்டும்தான் தெரிந்திருக்கும்.

அந்த ஏற்றத்தை என்னவென்று சொல்வது! பழைய லாரி திட்டிக்கொண்டே ஏறும். இது பாடிக்கொண்டு ஏறியது. பள்ளத்தாக்கு காலடியில் சரிந்து சரிந்து போனது. ஆட்டுக்குட்டிகள்கூட வாயைப் பிளந்துகொண்டு நின்றன. எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டிகள் பை அவிழ்ந்து எல்லோர் மடியிலும் உருண்டன. ஒமுர்சாக்கின் மனைவி ஷைர்குல் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எனக்கு மறுபடி கல்யாணம் ஆகற மாதிரி இருக்கு!" என்று கத்தினாள்.

"யாரோட?" என்றார் ஒமுர்சாக்.

"இந்த என்ஜினோட!"

கடைசி வளைவு வந்தது. நெட்டையன் கியர் மாற்ற வேகத்தைக் குறைத்தான். அவ்வளவுதான். ஐந்து ஆண்களும், என் கணவர் உட்பட, ஒரு சொல் பேசாமல் எழுந்து, பின்பலகையைத் தாண்டிக் குதித்து, தோளைக் கொடுத்தார்கள்.

லாரி போய்விட்டது.

ஐந்து பேரும் குனிந்த வாக்கில், தோளுக்கு எதிரே எதுவும் இல்லாமல் இரண்டடி ஓடி, ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். நான் மணிப் பொத்தானை அழுத்தினேன். செத்த மணி. கேபின் பக்கம் தட்டினோம். நடுவில் கம்பளி, தலையணையில் குத்தினது போலிருந்தது. கத்தலாம் என்றால் சிரிப்பு விடவில்லை. ஷைர்குல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டுக்குட்டிகள் நடுவே கிடந்தாள். தூரத்தில் அவள் புருஷன் கையை ஆட்டுவது தெரிந்தது. அவள் பதிலுக்குக் கையாட்டி வழியனுப்பினாள்.

உச்சியில்தான் நெட்டையன் நிறுத்தினான். கீழே குதித்து, கைகளை விரித்துக்கொண்டு பின்பக்கம் ஓடிவந்தான்.

"எப்படிண்ணே! நின்னுச்சா? ஒரு தடவயாவது நின்னுச்சா?" பார்த்தான். ஐந்து பெண்கள், குழந்தைகள், ஆடுகள். "அண்ணி... ஆம்பளைங்க எங்க?"

"தள்ளிட்டு இருக்காங்க" என்றேன்.

அவன் முகம் வெளுத்தது. "போச்சு. சீன லாரிதான்." கேபினுக்குள் பார்த்து, "அம்மா, நீயாவது பாத்திருக்கலாம்ல?"

"கண்ண மூடி வேண்டிக்கிட்டு இருந்தேன்டா, லாரி நிக்கக் கூடாதுன்னு."

எங்களோடே லாரியைத் திருப்பிக்கொண்டு இறங்கினான். வழியில் அவர்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஒமுர்சாக், நடந்து. முழங்காலில் மண், முகம் பீட்ரூட் நிறம்.

"ஏன்டா நெட்டையா! போன வருஷம் நவுரல. இந்த வருஷம் நிக்கல. நடுவாந்திரமா ஒண்ணு உனக்குத் தெரியாதா?"

நெட்டையன் தலையைக் குனிந்துகொண்டு, "நிக்கலதானேண்ணே?" என்றான், மிகத் தாழ்ந்த குரலில்.

ஒமுர்சாக் முழங்கால் மண்ணைத் தட்டினார். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார். லாரியின் மேலிருந்து ஷைர்குல், "பதில் சொல்லுங்க! சபைல சொன்ன பேச்சு!" என்றாள்.

"நிக்கல" என்றார் ஒமுர்சாக். அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த வருஷமும் நீதான். எப்பவும் நீதான். ஆனா மணிய மாட்டுடா, பாவி!"

"நாளைக்கே மாட்டிடறேன்ணே."

ஏறச் சொன்னால் ஏற மறுத்தார்கள். தள்ளுவதற்கென்று இறங்கிவிட்டோம், தள்ளாமல் ஏறமாட்டோம் என்றார்கள். நெட்டையன் நடை வேகத்தில் ஓட்ட, ஐந்து பேரும் பத்தடி தள்ளினார்கள். பிறகு ஏறினார்கள். அதிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் கடைசி வளைவில் அவன் நிறுத்துவான், அவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். தள்ளவே வேண்டாத லாரி. இந்த வருஷமும் தள்ளினார்கள். வேறு லாரி என்ற பேச்சை யாரும் எடுத்ததில்லை.

ஒவ்வொரு வருஷமும் ஒமுர்சாக், "மணி?" என்பார். "நாளைக்கு" என்பான். இந்த முறை மேலே வந்த மறுநாள் நிஜமாகவே கருவிப் பெட்டியைத் திறந்து வேலையைத் தொடங்கினான். மதியம், நெஞ்சு என்னவோ போலிருக்கிறது, காட்டிவிட்டு வருகிறேன் என்று பால் எடுக்க வந்த ஜீப்பில் ஏறி மலையிறங்கிப் போனான். ஜீப்பின் கூரையில் தலையை இடித்துக்கொண்டான். நான் சிரித்தேன். அவனும்.

லாரி எங்கள் கூடாரத்துக்குப் பின்னால் நிற்கிறது. இருபத்துநாலு வோல்ட் மணி கேபினுக்குள் மாட்டியிருக்கிறது. அதன் ஒயர் பின்பெட்டிவரை வந்திருக்கிறது. முனையில் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. பொத்தானுக்கு இரண்டு திருகாணிகள். ஒன்றுதான் முடுக்கியிருக்கிறது.