உறைபெட்டியில் வைத்த இன்சுலின்

வாவியிலுள்ள சில நுண்பாசிகள் தம்மைச் சுற்றிக் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும். பெப்டைட் என்ற சிறு புரதத் துண்டுகளைக் கொண்டு அதை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்ப்பதே என் வேலை. தெளிந்த சிலிக்காக் கரைசலில் பெப்டைட்டை விட்டால் சற்று நேரத்தில் வெண்மணிகள் திரளும். பெப்டைட்டை உறைய வைத்துத்தான் பாதுகாப்போம்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அந்த வாரம், கரையோர ஊரான வாகரையிலிருந்து தப்பி வந்த ஒருவர் எங்கள் ஜெனரேட்டர் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். கையில் இன்சுலின் குப்பிகள்.

"மகள்ட உசிர் இதுக்குள்ளதான் இருக்கு தம்பி. முகாமில கரண்ட் இல்ல. குளிருக்க வைப்பீங்களா?"

"யோசிக்காதீங்க அண்ணன். எங்கட வேலையே இதுதான்."

இன்சுலினும் பெப்டைட்தானே என்று உறைபெட்டியில் வைத்தேன்.

மறுநாள் குப்பிகளை முகாமுக்குக் கொண்டு போனேன். அங்கே தாதி ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உருகிய மருந்தில் வெள்ளைத் துகள்கள் மிதந்தன. ஆய்வுக்கூடத்தில் நான் காண ஏங்கும் காட்சி அது.

"இத ஆர் உறைய வச்ச? இன்சுலின் உறைஞ்சா உதவாது. பாலமும் உடைஞ்சு கிடக்கு, வேற மருந்து எப்ப வருமோ."

"அவர ஏசாதீங்க மிஸ்ஸி," என்றார் தகப்பன். "தனக்குத் தெரிஞ்ச மட்டில பத்திரமா வச்சவர்."

மருந்து வருவதற்குள் அந்தப் பிள்ளை இறந்துவிட்டாள்.

நாட்டில் நடந்த போரும் சில வருடங்களில் முடிந்தது. இன்றும் கரைசல் வெளுக்கும்போது மாணவர்கள் மகிழ்கிறார்கள். அவர் என்னை ஏசியிருந்தால் மறந்திருப்பேன். 'தெரிஞ்ச மட்டில' என்றதைத்தான் இன்னும் என்னால் செரிக்க முடியவில்லை.