சோதித்தவர் பெயர்

லிஃப்ட்காரருக்கு அந்த மாதம் நின்றால் தூக்கம், உட்கார்ந்தால் தூக்கம். படுத்தால் மட்டும் கிடையாது. ஒருநாள் பழுது பார்க்கப் போன கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் குந்தியபடியே தூங்கிவிட்டார். காவலாளி கதவைத் தட்டி எழுப்பினார். எல்லாம் ஒரு பொத்தானால் வந்த வினை.

அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து, பேச்சு போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. உடம்பில் சொன்னபடி கேட்பது வலது கையில் ஒரு விரல்தான். கட்டிலோரக் கணினியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது அவள் பொத்தானை அமுக்குவாள். சொல் சேர்ந்ததும் கணினி அதை வாய்விட்டுச் சொல்லும். தண்ணீர் கேட்பது, புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வது, பகலில் வந்து பார்த்துக்கொள்ளும் தங்கையின் சமையலைக் குறை சொல்வது, எல்லாம் அந்தப் பொத்தான் வழியாகத்தான்.

பழைய கணினி உயிரை விட்டதும், லிஃப்ட்காரர் யாரோ பாவித்துத் தள்ளிய ஒன்றை வாங்கி வந்தார். அதில் கொஞ்ச நேரம் அமுக்காமல் விட்டால் பொத்தான் தூங்கிப்போகும். அப்புறம் எத்தனை அமுக்கினாலும் எழாது. வயரைப் பிடுங்கிச் செருக வேண்டும். அதற்கு அவளால் ஆகுமா? ஒரு காலையில் அவர் கண் விழித்துப் பார்த்தபோது, மடங்கிய இடது கை உடம்புக்கடியில் மாட்டிக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து கிடந்தாள். விரல் மட்டும் செத்த பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தது. பதறிப்போய் வயரைச் செருகி, எப்போதிலிருந்து கூப்பிடுகிறாய் என்று கேட்டார்.

"விடு" என்றது கணினி.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து இரவு முழுக்க எழுந்து எழுந்து வயரைப் பிடுங்கிச் செருகுவதே அவர் வேலையாயிற்று.

கணினிக்குள் அவர் போட்டிருந்தது இலவச இயங்குதளம். வாங்கிய கடை என்று சண்டைக்குப் போக யாரும் இல்லை. இணையத்தில் அதைப் பாவிப்பவர்கள் கூடும் மன்றம் ஒன்றுதான் கதி. கைபேசியில் அங்கே எழுதிப் போட்டார். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் அமைப்பை மாற்றச் சொன்னார், மாற்றினார், பலனில்லை. வேறு பொத்தான் வாங்குங்கள் என்றார் இன்னொருவர். அவள் விரல் பலத்துக்கு இறங்குவது இது ஒன்றுதான், இப்போது இது விற்பனைக்கும் இல்லை. நடுவில் இருவர் எதற்கோ முட்டிக்கொண்டு, அவர் கேள்வியையே மறந்துபோனார்கள். கடைசியில் 'துருப்பிடிச்ச ஆணி' என்ற புனைபெயரில் ஒரு ஆள் வந்தார்.

"இது கெர்னல் வேலை. சும்மா கிடக்கிற எல்லாத்தையும் அது தூங்க வைக்கும். உங்க பொத்தானை மட்டும் விட்டுடுன்னு அதுக்கு ஒரு வரி சொல்லணும். நான் எழுதித் தர்றேன்."

கெர்னல் என்பது இயங்குதளத்தின் அடிப்பகுதி. மேலே தெரிவதெல்லாம் அலங்காரம், அடியில் கிடந்து எல்லாவற்றையும் சுமப்பது அதுதான். ஆணி அனுப்பிய திருத்த வரியை, அவர்கள் பாஷையில் ஒட்டுத்துண்டை, சேர்த்து, கெர்னல் முழுவதையும் புதிதாகக் கட்ட வேண்டும். கிழட்டுக் கணினி பகல் முழுக்க மூச்சு வாங்கியது. அதுவரை மனைவியின் பேச்சும் திக்கித் திக்கித்தான் வந்தது. கட்டி முடித்து, அணைத்துப் போட்டுப் பார்த்தார். பொத்தான் தூங்கியது.

ஆணி இரண்டாவது ஒட்டு அனுப்பினார். தூங்கியது. மூன்றாவதும் வந்தது, அதுவும் அப்படியே. லிஃப்ட்காரரின் பொறுமை அதோடு தீர்ந்தது.

"உங்களுக்கெல்லாம் இது பொழுதுபோக்கு. இங்க ஒரு மனுஷி கூப்பிட வழியில்லாம கிடக்கா" என்று எழுதிவிட்டார்.

பதில் மறுநாள்தான் வந்தது. "கோபம் நியாயம்தான். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இப்ப ஓடிக்கிட்டு இருக்கிறது எந்தக் கெர்னல்? கீழே இருக்கிற கட்டளையைப் போட்டு, வர்ற வரியை அனுப்புங்க."

போட்டார். வந்தது பழைய கெர்னலின் எண். புதிதாகக் கட்டிய மூன்றும் உள்ளே சும்மா படுத்திருக்க, கணினி ஒவ்வொரு முறையும் பழக்கதோஷத்தில் பழையதையே எழுப்பியிருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது போதாதென்று, வெண்ணெய் கொடுத்த ஆளைத் திட்டியும் தொலைத்திருக்கிறார்.

மச்சினிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மாமா, இடது லிஃப்டை ரிப்பேர் பண்ணிட்டு, வலது லிஃப்ட்ல ஏறி நின்னு, இன்னும் ஆடுதேன்னு கத்தியிருக்கீங்க!"

அவர் கணினியை அணைத்து, இந்த முறை முதல் ஒட்டுள்ள கெர்னலைத் தானே தேர்ந்தெடுத்து எழுப்பினார். மச்சினி அக்காளுக்குச் சோறு ஊட்டி முடிக்கும்வரை பொத்தானை யாரும் தொடவில்லை. பிறகு விரல் அமுக்கியது. திரையில் எழுத்து விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

"உப்பு கம்மி" என்றது கணினி.

லிஃப்ட்காரர் கைபேசியை எடுத்தார். மன்றத்தில் "உங்க முதல் ஒட்டே சரி. நான்தான் அதை ஓட்டவே இல்லை. மன்னிச்சிடுங்க" என்று மட்டும் போட்டார்.

"நானும் பண்ணியிருக்கேன். இல்லாட்டி அந்தக் கேள்வி எனக்கு எப்படித் தெரியும்?" என்று எழுதினார் ஆணி. "இதைக் கெர்னல்லயே சேர்க்கச் சொல்லி, அதை எழுதறவங்களுக்கு அனுப்பறேன். சேர்த்துட்டாங்கன்னா இனிமே நீங்க ஒட்டவே வேண்டாம். சோதிச்சுப் பார்த்தவங்க பேர் ஒட்டோட கூடவே போகும், அது எங்க வழக்கம். முழுப் பேர் அனுப்புங்க."

லிஃப்ட்காரர் அதை மனைவிக்கு வாசித்துக் காட்டிவிட்டுத் தன் பெயரை அடிக்கத் தொடங்கினார். பின்னால் எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தன.

"அமுக்கினது யாரு?"

அவர் திரும்பினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன் பெயரை அழித்துவிட்டு அவள் பெயரை முழுதாக அடித்தார். இத்தனை வருடமாக அவர் அந்தப் பெயரை எழுதியதெல்லாம், 'நோயாளி' என்று அச்சடித்த இடத்துக்கு நேரேதான். சரியா என்று கைபேசியை அவள் முகத்துக்கு எதிரே பிடித்தார். அவள் வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு விரல் அசைந்தது.

"அனுப்பிட்டுத் தூங்கு."