கையில் கனம் பார்த்த கம்ப்யூட்டர்

நானும் கணவரும் போடியில் ஏலக்காய்க் கடை நடத்துகிறோம். பில் போட ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று பழனிசெட்டிபட்டியில் ஒரு கடைக்குப் போனோம்.

கடைக்காரர் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மினி கம்ப்யூட்டரைக் காட்டினார். ஏலக்காயை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்க்கும் பழக்கத்தில் அதையும் தூக்கிப் பார்த்தேன். பஞ்சு மாதிரி இருந்தது.

"இத்துனூண்டுக்கு இம்புட்டு விலையா?" என்று சண்டைக்கே போய்விட்டேன்.

பக்கத்தில் அதே விலைக்கு ஒரு பெரிய கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது. தூக்கினால் நல்ல கனம். "இதையே குடுங்க" என்று பையைத் திறந்துவிட்டேன்.

கணவர் தடுத்தார். "ஏலக்காய உரிச்சு உள்ள ஏலரிசியப் பாக்காம நீ வாங்குவியா? இதையும் தொறக்கச் சொல்லு."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே திருகாணியைக் கழற்றினார். உள்ளே முக்கால்வாசி காலி! கனமெல்லாம் தகரத்தின் கனம்.

"ரெண்டும் ஒரே வேகந்தான்க்கா. சின்னதுல வைஃபை உள்ளயே இருக்கு, கரண்டும் கம்மியாத்தான் இழுக்கும். பின்னால பாகம் எதும் சேக்கணும்னாதான் பெருசு வேணும்" என்றார்.

பில் மட்டும் போடும் எங்களுக்கு எதற்குக் காலி இடம்? சின்னதற்கு அந்த விலை நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு அதையே வாங்கி வந்தோம். தராசுக்குப் பக்கத்தில் சமர்த்தாக வேலை செய்கிறது.

அன்றிலிருந்து எதை வாங்கினாலும் உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். போன வாரம் மெத்தைக் கடையில், "கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்க" என்றேன். திரும்பிப் பார்த்தால் கணவர் தெருமுனையில் போய்க்கொண்டிருந்தார்.